பம்பம் அங்கிளின் படிக்கட்டுக் கச்சேரி

ஒரு பாட்டைக்கூட வார்த்தையோடு பாடாமல் பெரிய பாடகர் என்று பெயர் வாங்கிய மனிதர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர்தான். அவர் பம்பம் அங்கிள். நாற்பது வருடமாக அவர் வாயிலிருந்து வந்த மொத்தப் பாடலும் ஒரே ஒரு சொல். வேகமான பாட்டு என்றால் பம்பம்பம்பம். சோகப் பாட்டு என்றால் பம்ம்ம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு பம்ம்ம். துக்க வீட்டில் பாடச் சொன்னாலும் அதே பம்தான், கண்ணை மட்டும் மூடிக்கொள்வார்.

தொழில், லிப்ட் ரிப்பேர். எங்கள் பத்து மாடி பிளாட்டின் லிப்ட் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் குடியிருந்தது இரண்டாம் மாடியில். லிப்டைப் பழுதுபார்ப்பவரே லிப்டில் ஏறத் தேவையில்லாத மாடியாகப் பார்த்து வீடு பிடித்திருக்கிறார் என்றால் அந்த லிப்டின் லட்சணத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அந்த லிப்டுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மற்ற நாளெல்லாம் முனகிக்கொண்டாவது ஓடும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மட்டும் சரியாகப் படுத்துவிடும். பத்து மாடி ஜனமும் மார்க்கெட் பையோடு படியில் ஏற வேண்டும். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அங்கிள் தன் குழுவோடு நின்று பாடிக்கொண்டிருப்பார். "ஸ்பேர் பார்ட் வரல லா, வர்ற வரைக்கும் ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க" என்பார். ஊரில் கச்சேரி வைப்பவர்கள் கூட்டம் சேர்க்க நோட்டீஸ் அடிப்பார்கள். இவர் லிப்டை நிறுத்தினார். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஸ்பேர் பார்ட் வெள்ளிக்கிழமை காலையில் தவறாமல் வந்துவிடும்.

நான் அவரிடம் மாட்டியதும் அப்படி ஒரு வியாழக்கிழமைதான். பத்து கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்தபோது மூச்சு வாங்கி "ஹ்ஹ்ஆ" என்று நின்றேன்.

அங்கிள் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். "தம்பி, இன்னொரு தடவ மூச்சு வாங்குங்க."

வாங்கினேன். வேறு வழி?

"பாரிடோன் லா இது! இத வச்சிக்கிட்டு சும்மா அரிசி தூக்கிட்டு இருக்கீங்களே!"

அன்றைக்கு அரிசிப் பை படியில் ஒரு மணி நேரம் கிடந்தது. நான் டூ-வாப் குழுவில் சேர்ந்திருந்தேன்.

டூ-வாப் என்றால் என்ன என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் வாத்தியம் வாங்க வசதியில்லாத பையன்கள் தெருமுனையிலும் படிக்கட்டிலும் நின்று பாடிய பாணி அது. ஒருவர் முன்னால் நின்று பாட்டைப் பாடுவார். மற்றவர்கள் பின்னால் நின்று வாயாலேயே வாத்தியம் வாசிப்பார்கள். ஒருவர் ஊ என்பார், ஒருவர் ஷ-டூ-வாப் என்பார், அடியில் ஒருவர் பேஸ் என்ற கனத்த குரலில் பம்பம் என்று தாங்கிப் பிடிப்பார். எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு போட்டு, ஒரே நேரத்தில் விரலைச் சொடுக்கி, ஒரே பக்கம் சாய வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்த அங்கிளின் அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய இசைத்தட்டுகளில் அங்கிள் சின்ன வயதில் கேட்டது இது. மற்றவர்கள் பாட்டைக் கேட்டார்கள். இவர் அடியில் இருந்த பம்மை மட்டும் கேட்டிருக்கிறார்.

எங்கள் குழுவில் நான்கு பேர். முன்னால் நின்று பாட்டைப் பாடுவது தனா. மோனோரயில் ஸ்டேஷனில் வேலை, தலைமுடியைப் பார்த்தாலே பாடகர் என்று தெரியும். உச்சத்தில் ஊ போடுவது சலீம். இராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சமைத்துக்கொண்டிருந்தவர். அடுப்புச் சூட்டில் அந்தக் குரல் எப்படிக் கெடாமல் இருந்ததோ, கேட்டால் தேன் மாதிரி இருக்கும். அடியில் அங்கிள். நடுவில் நான். பாரிடோன் என்ற நடுக்குரல் இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டிலும் எனக்கு அதே இடம்தான் என்பதால் பழக்கமாகவே இருந்தது.

கோட்டு விஷயத்தில் அங்கிள் யார் பேச்சையும் கேட்கவில்லை. சேலைக் கடையில் மிஞ்சிய துணியில் மயில் நிறத்தில் நான்கு கோட்டு தைத்தார். கோலாலம்பூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டு பாடினால் இரண்டு பாட்டுக்கான வியர்வை வரும்.

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அங்கிள் ஒரே ஒரு தடவை கை தட்டுவார். எக்கோ எப்படித் திரும்பி வருகிறது என்று காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு தீர்ப்பு வரும். பல் கிளினிக்குக்கு, "ஒன்னும் வேலைக்கு ஆகாது." கோயில் மண்டபத்துக்கு, "பவர்!" அவருடைய சர்ச்சுக்கு, "கூரை ஓகே, கார்ப்பெட்டுதான் கெடுத்துருச்சு." இந்தக் கடைசித் தீர்ப்பை ஜெபத்துக்கு நடுவில் சொன்னதால் பாஸ்டர் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

சலீமின் பெர்மிட்டைப் புதுப்பிக்கத் துணைக்குப் போனவர், அந்தப் பெரிய காத்திருப்பு ஹாலிலும் தட்டிவிட்டார். காலையிலிருந்து உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் யாருக்கோ பெர்மிட் கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து சலீமைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இன்னும் நம்பரே கூப்பிடலைங்க" என்று சலீம் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன மனிதர், பாட்டின் வார்த்தையை மட்டும் வாயில் வைக்கமாட்டார். கிள்ளான் ஊர்ப் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலை விருந்தில் எங்களைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். தனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வரவில்லை. "அங்கிள், உங்களுக்குத்தான் எல்லா வார்த்தையும் தெரியுமே, நீங்க பாடுங்க" என்று கெஞ்சினோம்.

"வீட்டு அஸ்திவாரம் மாடிக்கு ஏறி வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்தா வீடு என்னாகும்? பேஸ்காரன் அடியிலதான் நிக்கணும்."

கடைசியில் மூன்று பேரும் மேடையேறி, பாட்டே இல்லாமல் பின்னணியை மட்டும் நான்கு நிமிடம் பாடினோம். ஊ. ஷ-டூ-வாப். பம்பம். நடுவில் தனா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு வெறுமை. கூட்டம் பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தது. நாங்கள் குனிந்து வணங்கினோம். முன்வரிசையில் ஒருவர், "புது ஸ்டைல் போல" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கை தட்டினார்.

இந்த மனிதரைத்தான் மேரி ஆன்டி ஒரு நாள் சிக்கலில் மாட்டிவிட்டார். ஆன்டி அங்கிளின் மனைவி. அதிகம் பேசமாட்டார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பெல் அடித்தால் கதவு திறக்காது. எங்களைப் பிடிக்கவில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அங்கிள் கீழே படியில் கால் வைத்து ஒரு பம் போட்டால், மேலே ஆன்டி தட்டை எடுத்து வைத்து, கதவையும் திறந்து வைத்திருப்பார்.

சலீமை ஒரு தடவை ஆன்டி அழவே வைத்துவிட்டார். அவர் உயிரைக் கொடுத்து ஊ போட்டுக்கொண்டிருந்தார். ஆன்டி எட்டிப் பார்த்து, "அந்தத் தம்பி ஏன் வாயைத் தொறந்துகிட்டு சும்மா நிக்குது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சலீம் ஒரு மாதம் வெந்நீரில் தேன் கலந்து குடித்தார். "அண்ணே, உண்மையிலேயே என் குரல் அவ்ளோ மோசமாண்ணே?" என்று என்னைத் தினமும் கேட்டார்.

அங்கிளுக்கும் ஆன்டிக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகப்போகிறது, கிள்ளானில் ஹால் எடுத்து விருந்து வைக்கலாம் என்று மகள் முடிவு செய்தாள். என்ன வேண்டும் என்று ஆன்டியிடம் கேட்டாளாம். ஆன்டி நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை.

"உங்கப்பா ஒரு பாட்டு பாடணும். வார்த்தையோட. நாப்பது வருசமா பம்முனே குடும்பம் நடத்திட்டாரு. ஒரே ஒரு தடவ வார்த்தை கேட்டாப் போதும். இந்தத் தடவ விட்டா அப்புறம் வேணாம்."

அந்தக் கடைசி வரி அங்கிளைப் பயமுறுத்திவிட்டது. அடுத்த வியாழன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, மேரி என்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இதுல தோத்தா எனக்கு மூஞ்சி இல்ல" என்றார். குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கினால் படிக்கட்டுக் கம்பியும் சேர்ந்து நடுங்கும்.

பாட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது, பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக. அவர்கள் சந்தித்த கதையைத்தான் எழுதினேன். அந்தக் கதையை அங்கிள் சொல்லி நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். கிள்ளான் பஸ் ஸ்டாண்ட், மழை, மேரி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார், அங்கிள் குடை பிடித்து வீடு வரை நடந்தே கொண்டுபோய் விட்டார்.

"கிள்ளான் பஸ் ஸ்டாண்டிலே மழை வந்து நின்றதே, கடைசி பஸ் போனாலும் என் காதல் நின்றதே." இரண்டு வரியும் 'நின்றதே'யில் முடிவதற்கு என்னை மன்னிக்க வேண்டும். வேறு சொல் வரவில்லை.

டூ-வாப்பில் இன்னொரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவில் மற்றவர்கள் குரலைத் தணித்து ஊ என்று மட்டும் இழுக்க, பேஸ்காரர் காதலியிடம் நேராகப் பேசுவது போல நாலு வரி பேசுவார். பேசுவார், பாடமாட்டார். அங்கிள் அந்த இடம் வந்தால் எட்டு பம் போட்டுக் கடந்துவிடுவார். "பொண்டாட்டிகிட்ட பேசுறத நாலு பேரு முன்னாடி பேசுவாங்களா? வெக்கமா இருக்காது?" இந்தப் பாட்டிலும் அந்த இடத்தில் எட்டு பம் என்றே எழுதிக்கொண்டோம்.

பயிற்சி தொடங்கியது. பாட்டு என்றால் தனாவின் உயரத்தில்தான் பாட வேண்டும் என்று அங்கிள் பிடிவாதம் பிடித்தார். அடிமட்டத்தில் நாற்பது வருடம் வாழ்ந்த குரலை அவ்வளவு உயரத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? 'கிள்ளான்' என்று எடுப்பார், 'பஸ்' வரும்போது முகம் சிவக்கும், 'ஸ்டாண்டிலே'யில் நான் போய்த் தண்ணீர் கொண்டு வருவேன். மூன்று வாரம் இது நடந்தது. லிப்டும் மூன்று வாரம் படுத்தே கிடந்தது. ஏழாம் மாடி மிஸஸ் லிம் காய்கறிப் பையோடு வந்து நின்று, "அங்கிள், யூ ரிப்பேர் த லிப்ட் ஆர் யூ ரிப்பேர் யுவர் வாய்ஸ், சூஸ் ஒன் லா!" என்று கத்திவிட்டுப் போனார். அங்கிள் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மறுபடியும் 'கிள்ளான்' என்று எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிள்ளானுக்குப் போனோம். கடைவீட்டின் முதல் மாடியில் ஹால். வாசலில் கேக்கைப் பார்த்துவிட்டு நான் வேறு யாருடைய விருந்துக்கோ வந்துவிட்டேன் என்று திரும்பப் பார்த்தேன். அதில் அங்கிளின் நிஜப் பெயர் எழுதியிருந்தது. உள்ளே சலீமின் பிரியாணி மணத்தது. அங்கிள் நுழைந்ததும் ஒரு தடவை கை தட்டினார். ஒன்றும் திரும்பி வரவில்லை. தரை முழுக்க கார்ப்பெட், சுவர் முழுக்கத் திரை.

"செத்த ஹால் தம்பி" என்றார். முகம் செத்துப் போயிருந்தது.

திரையும் எங்கள் கோட்டும் ஒரே மயில் நிறம். நாங்கள் வரிசையாக நின்றபோது நான்கு தலைகள் மட்டும் மிதப்பதாகப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். அங்கிள் முன்னால் வந்தார். ஆன்டி எதிரே முதல் மேசையில், புதுச் சேலையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிள் கண்ணை மூடி எடுத்தார். அன்றைக்கு அதிசயமாக 'ஸ்டாண்டிலே' கூட வந்துவிட்டது. மெலிந்து, நடுங்கி, ஆனால் வந்தது. கூட்டம் கை தட்டியது. சலீமுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆன்டி சிரித்துக்கொண்டிருந்தார், தலையும் ஆட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டல் பாட்டோடு சேரவில்லை. அங்கிளிடம் தாளத்தில் எதையும் மறைக்க முடியாது. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார்.

"மேரி, கேக்குதா?"

ஆன்டி அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார். காது கேளாதவர்கள் சொல்லும் ரகசியம் அது, ஹால் முழுக்கக் கேட்டது.

"எனக்குக் காது போய்க்கிட்டே இருக்குங்க. டாக்டரு சொல்லிட்டாரு. மெல்லிசுச் சத்தம்லாம் மொதல்ல போவுமாம், கனத்த சத்தம்தான் கடைசி வரைக்கும் நிக்குமாம். எல்லாம் போறதுக்குள்ள உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பாத்தேன். நீங்க வாய அசைக்கிறது தெரியுது. ஒன்னும் கேக்கல. பரவால்ல, நல்லாத்தான் பாடியிருப்பீங்க."

எனக்குப் பெல் ஞாபகம் வந்தது. சலீம் என் கையைப் பிடித்தார். "அண்ணே, அன்னைக்கு அவங்களுக்கு என் குரல் கேக்கவே இல்லண்ணே" என்றார். நிம்மதியா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்தது.

அங்கிள் கார்ப்பெட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆன்டியின் கையைப் பிடித்து எழுப்பினார். மேடைக்குப் போகவில்லை. ஹாலின் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அங்கே கீழே இறங்கும் படிக்கட்டு, வெறும் சிமெண்ட், இரும்புக் கைப்பிடி. ஒரு தடவை கை தட்டினார். நாலு தடவை திரும்பி வந்தது.

"இதான் ஹால்" என்றார்.

மொத்தக் கூட்டமும் பிரியாணித் தட்டோடு படிக்கட்டுக்கு வந்துவிட்டது. பட்டுச் சேலைகள் படிக்கு இரண்டாக உட்கார்ந்தன. அங்கிள் ஆன்டியின் கையை எடுத்து இரும்புக் கம்பியில் வைத்தார். தானும் நாலு படி கீழே இறங்கி அதே கம்பியில் சாய்ந்துகொண்டார். எங்களைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். நாங்கள் ஊ என்று தணித்து இழுத்தோம். எட்டு பம் வரும் என்று காத்திருந்தேன்.

பம் வரவில்லை. தன் சொந்தக் குரலில், அந்த அடிமட்டக் குரலில், அங்கிள் பேசினார்.

"மேரி. அன்னிக்குக் கிள்ளான் பஸ் ஸ்டாண்டுல, கடைசி பஸ் போயிருச்சுன்னு சொன்னேன்ல? போகல. நம்ம பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நீ போயிருவியேன்னு பொய் சொல்லிட்டேன். நாப்பது வருசமா சொல்லல. மன்னிச்சிரு."

படிக்கட்டு முழுக்க அந்தக் குரல் சுற்றியது. யாரும் மெல்லவில்லை. நாங்கள் ஊ என்று இழுத்துக்கொண்டே இருந்தோம், மூச்சு முடிந்த பிறகும். ஆன்டி கம்பியில் வைத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

ஆன்டி நிமிர்ந்தார்.

"தெரியும்" என்றார். "பஸ்ஸு நிக்கிறதப் பாத்துட்டுதான் வந்து உங்ககிட்ட 'போயிருச்சா'ன்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் எழுந்த சத்தத்தில் கிள்ளான் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். அங்கிள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க விடாமல் கோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, என் பாட்டு முழுவதையும் பம் பாடும் அதே அடிக்குரலில், ஒரு வார்த்தை விடாமல் பாடினார். இரண்டு 'நின்றதே'யும் ஆன்டிக்குக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் கம்பியில் ஒரு தட்டு தட்டினார்.

இப்போது இருவரும் கிள்ளான் தாண்டி ஜெஞ்சாரோமில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். தரைவீடு, ஒரு படிகூடக் கிடையாது. ஆன்டி காதில் மெஷின் போட்டிருக்கிறார். அங்கிள் பாடும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுவார், மெஷினில் அவர் குரல் தகர டப்பா மாதிரி இருக்கிறதாம். சாப்பாட்டு மேசையில் அங்கிள் தாடையை வைத்துக்கொண்டு பம்பம் என்பார். ஆன்டி இன்னொரு முனையில் ஒரு உள்ளங்கையை மேசையில் அழுத்திக்கொண்டு கேட்பார்.

எங்கள் பிளாட்டுக்கு வேறு கம்பெனி ஆள் வருகிறார். லிப்ட் வியாழக்கிழமையும் ஒழுங்காக ஓடுகிறது, மிஸஸ் லிம்மே இதைக் குறையாகச் சொல்கிறார். நான் வியாழன் மாலையில் மட்டும் படியில் ஏறுகிறேன். இரண்டாம் மாடி தாண்டியதும் யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துவிட்டு ஒரு தடவை கை தட்டுகிறேன். சத்தம் நன்றாகவே திரும்பி வருகிறது. அதற்கு அடியில் பம் மட்டும் இல்லை. அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெஞ்சாரோம் போய்விடுகிறேன்.